இனி மேல்மாடி இல்லை

கட்டுகஸ்தோட்டை,
ஜூன் 5, வெள்ளிக்கிழமை.

மகன் நஸீபுக்கு,

நீ எங்களுக்குப் பொய் சொல்லிக்கொண்டிருக்கிறாய். கம்பனி லீவு தருவதில்லை என்று இரண்டு வருஷமாகச் சொல்கிறாய். கம்பனி இரண்டு முறை தந்திருக்கிறது, வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தது நீ. இதை முதலில் எழுதிவிட்டுத்தான் மற்றதெல்லாம் என்று இருந்தேன், ஏனென்றால் சுகம் விசாரித்து ஆரம்பித்தால் என் கை இளகிவிடும், பிறகு கடிதம் மா வறுத்த கதையோடு முடிந்துவிடும். இனி அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் காவலில் நாங்கள் மூன்று பேரும் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம், வாப்பாவுக்கு மட்டும் படி இறங்கும்போது வலது முழங்கால் பிடிக்கிறது, தங்கச்சி பஸ்னாவுக்குத் தும்மலும் தடிமனும் வந்து போனது. கட்டாரில் இப்போது வெயில் கொளுத்தும் என்று லீவில் வந்திருக்கிற உன் அறைக்கார ரிஸ்மி சொன்னான். நீ உடம்பால் நன்றாக இருக்க துஆச் செய்கிறேன். மனதைப் பற்றி நீ ஒன்றும் சொல்வதில்லை, அதனால் நானும் அதைப் பற்றி நல்லபடி எழுதப் போவதில்லை.

போனில் சொல்லியிருக்கலாமே என்று நினைப்பாய். போனில் நீ எப்படிப் பேசுவாய் என்று உனக்கே தெரியும். சாப்பிட்டீங்களா, மழையா, வாப்பா எங்க, சரி உம்மா வைக்கிறேன். வொய்ஸ் அனுப்பினால் வேகத்தைக் கூட்டிவிட்டுக் கேட்பாயாம், அதையும் ரிஸ்மிதான் சொன்னான். அவன் ஞாயிற்றுக்கிழமை திரும்பப் போகிறான், கடிதத்தை அவன் கையில் கொடுத்து விடுகிறேன், காகிதத்தை வேகமாக ஓட விட ஏலாது. அவன் ஹஜ்ஜுப் பெருநாள் முடிந்த மூன்றாம் நாள் நீ கொடுத்த பார்சலோடு வீட்டுக்கு வந்தான். கதிரையில் உட்கார்ந்து வட்டலப்பம் இரண்டு தரம் வாங்கித் தின்றுவிட்டு, உன்னைப் புகழ்வதாக நினைத்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். "நஸீப் மாதிரி ஒரு புள்ள எந்த உம்மாவுக்கும் கெடைக்காது. சுப்பர்வைசர் வந்து லீவு எடு எடுண்டு ரெண்டு தரம் கேட்டும் எடுக்கல்ல. லீவு நாள்லயும் ஓவர்டைம் போவான். வெளிய ஒரு எடம் போனது இல்ல." வாப்பா தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். என் காதில் விழுந்தது வேறு. ஸ்டோர் ஒபிசில் கம்பியூட்டர் வேலைக்கு மூன்று மாசம் பழக்குகிறார்கள், அதற்கு முதல் பெயர் உன்னுடையது, பழகுகிற காலத்தில் ஓவர்டைம் இல்லை என்று நீ மறுத்தாய், உன் இடத்துக்கு வேறொருவன் போய் இன்று அவன் மேசையில் உட்கார்ந்திருக்கிறான், நீ இன்னும் அதே ஸ்டோர்க் கதவடியில் நின்று பெட்டிகளுக்கு ஸ்கேனர் லைட் அடித்துக்கொண்டிருக்கிறாய். இதையும் அவன் உன் நல்ல குணத்தில்தான் சேர்த்துச் சொன்னான். ரிஸ்மியோடு கோபிக்காதே. அவனுக்கு அதில் ஒரு பிழையும் தெரியவில்லை. இந்த ஊரில் யாருக்கும் தெரியாது.

உன் பொய்யை எழுதிவிட்டேன், இனி எங்களுடையது. நம் வீட்டுக்கு மேல்மாடி கட்ட ஏலாது. சீமெந்து விலை இறங்கட்டும், மழை விடட்டும் என்று சொல்கிற மாதிரியான ஏலாது இல்லை இது. எப்போதுமே கட்ட ஏலாது. வாப்பாவுக்கு அது ஜனவரியிலேயே தெரியும். எனக்கு ஏப்ரலில் தெரிந்தது. உனக்கு இப்போதுதான் சொல்கிறோம், அதுவும் நான் சொல்கிறேன், வாப்பா இதை எழுதுவதைப் பார்த்துவிட்டு எழுந்து கடைக்குப் போய்விட்டார்.

நவம்பர் மழையில் பின்பக்கத்து மண் இறங்கியதை நீ வீடியோவில் பார்த்தாய். குசினிக் கதவு வரைக்கும் சேறு வந்து நின்றது, பின்சுவரில் என் கை நுழைகிற அளவுக்கு வெடிப்பு. கீழே ஆற்றோரக் கடைகளுக்குள் தண்ணீர் போய்விட்டது, நமக்கு வீடாவது மிஞ்சியது என்று நான் அப்போதே நினைத்தேன். டிசம்பர் கடைசியில் மண்ணைச் சோதிக்கிற உத்தியோகத்தர் இரண்டு பேர் வந்தார்கள், சேறு மிதிக்காமல் சுற்றிப் பார்த்தார்கள், படம் எடுத்தார்கள், போனார்கள். ஜனவரியில் கடிதம் வந்தது. முழுக்கச் சிங்களம். தமிழ் ஆட்களுக்குத் தமிழில் எழுத வேண்டும் என்று சட்டம் இருக்கிறதாம், எழுதத்தான் ஆள் இல்லையாம், எழுபது வருஷமாக ஆள் தேடுகிறார்கள். வாப்பா படித்துவிட்டு, பயப்பட ஒன்றுமில்லை, தண்ணீர் போகக் கான் வெட்டச் சொல்லியிருக்கிறார்கள் என்றார். மறுவாரமே கானும் வெட்டினார். சொன்னது பொய்யில்லை, பாதி. மற்றப் பாதியைப் பைலில் வைத்து அலுமாரிக்குள் பூட்டிவிட்டார். நான் பிறந்த நாளிலிருந்து சிங்களம் பேசுகிறேன், சந்தையில் சிங்களத்தில் சண்டையும் பிடிப்பேன், ஆனால் ஓர் எழுத்து வாசிக்கத் தெரியாது. நமது பக்கத்தில் என் வயதுப் பெண்களில் பாதிப் பேர் அப்படித்தான், கடிதம் வந்தால் ஆம்பிளைகள் வாசித்து என்ன சொல்கிறார்களோ அதுதான் கடிதம்.

எப்படித் தெரிந்தது என்று சொல்ல வேண்டும் என்றால் என் கதையையும் சொல்ல வேண்டும், பொறுமையாகப் படி. மழையோடு பஸ் ஸ்டாண்ட் பக்கத்து ஹோட்டல் ஒரு மாசம் மூடியிருந்தது. பதினெட்டு வருஷம் அந்த ஹோட்டலுக்கு இடியப்பம் அவித்தவள் நான். ஹோட்டல் மூடின பிறகும் விடியக்காலையில் கண் விழித்துவிடும். முதல் நாள் எழுந்து அடுப்பைப் பற்றவைத்துவிட்டேன், மாவும் எடுத்துவிட்டேன், பிறகுதான் யாருக்கு என்று யோசித்தேன். இரண்டாம் நாள் சுபஹு தொழுதுவிட்டு வாசற்படியில் சும்மா உட்கார்ந்தேன். எனக்கு என்ன செய்ய விருப்பம் என்று என்னையே கேட்டுப் பார்த்தேன், ஒன்றும் வரவில்லை மகன். வெறுமை. நாற்பத்தைந்து வயதுப் பொம்பிளைக்கு, இடியப்பம் இல்லாவிட்டால் தான் யார் என்று தெரியவில்லை. வெட்கமாக இருந்தது. அந்த வாரத்தில் பஸ்னா ஒரு நோட்டீஸ் கொண்டுவந்தாள், சனசமூக நிலையத்தில் தமிழ் பேசுகிற பெண்களுக்குச் சிங்களம் வாசிக்கப் பழக்குகிறார்கள், கிழமைக்கு மூன்று காலை. சும்மா போனேன். படிப்பித்தவள் நிலூஷா என்று பன்விலத் தோட்டத்துப் பிள்ளை, உன்னைவிட இரண்டு வயது குறைவு, இரண்டு பஸ் மாறி வருகிறாள். முதல் நாள் நான் பேனையைப் பிடித்த விதத்தைப் பார்த்துவிட்டு, "அக்கா, அது இடியப்ப உரல் இல்ல, மெதுவா அமுக்குங்க" என்றாள். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன், ஆனால் அடுத்த வகுப்புக்குப் போவதா வேண்டாமா என்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் யோசித்தேன்.

போனேன். ஜனவரியில் ஹோட்டல் திறந்ததும் முதலாளி ஆள் அனுப்பினார், பழையபடி ஏழு நாளும் வேண்டும், பகலுக்கு ரொட்டியும் வேண்டும் என்று. நான்கு நாள்தான் ஏலும் என்றேன். பதினெட்டு வருஷம் அவித்தவளிடம் ஒரு நாள் பேச்சோடு வேறு ஆளைப் பிடித்துவிட்டார். அன்று வீட்டில் எல்லாருக்கும் முகம் சுருங்கியது, வாப்பா பீங்கானைக் கொஞ்சம் சத்தமாக வைத்தார். இரண்டு கிழமை அடுப்பு எரியவில்லை. பிறகு ஒரு பாடசாலைக் கன்டீனுக்கு நான்கு நாள் மட்டும் கேட்டார்கள், எனக்கு ஏற்ற நான்கு நாள். நோன்பு வந்தது, வகுப்பு விட்டுவிட்டேன், படித்ததில் பாதி மறந்துபோனது. பெருநாள் கழிய மறுபடி முதல் எழுத்திலிருந்து தொடங்கினேன். செவ்வாய்க்கிழமை ஏலாமல் போனால் சனிக்கிழமை போவேன், நிலூஷாவுக்கு வரமுடியாத நாளில் நாங்களே ஐந்து பேர் ஒரு வீட்டில் கூடிப் பஸ் போர்டுகளை எழுதி எழுதி வாசிப்போம். இப்படி எட்டு இடத்தில் முறிந்து முறிந்துதான் நடந்தது. ஒழுங்காக நடக்க வேண்டும் என்று நான் பார்த்துக்கொண்டிருந்திருந்தால் பெப்ரவரியிலேயே நின்றிருக்கும். ஏப்ரலில் வீட்டில் என்ன சிங்களக் காகிதம் இருக்கிறதோ எல்லாவற்றையும் எடுத்து வாசித்துப் பழகச் சொன்னாள் நிலூஷா. கரண்ட் பில் வாசித்தேன், தண்ணீர் பில் வாசித்தேன், அலுமாரியைத் திறந்து பைலை எடுத்தேன். முதல் பந்திக்கு ஒரு காலை முழுக்கப் போனது. இரண்டாம் பந்தியில் மேல் தட்டு என்ற சொல்லைக் கண்டேன். அதற்குப் பின்னால் வந்த சொல்லைப் பஸ்னாவிடம் கேட்க மனமில்லை, நானே கூட்டிக் கூட்டி வாசித்தேன். தடை. மேல் தட்டுக் கட்டவோ நிலத்துக்குப் பாரம் ஏற்றவோ தடை. கையெழுத்து, முத்திரை, ஜனவரி மாசத் தேதி.

எனக்கு ஞாபகம் வந்தது என்ன தெரியுமா. நோன்புக்கு முதல் கிழமை வாப்பா கூரைச் சிலேப்பில் ஏறினார். ஒவ்வொரு வருஷமும் ஏறுகிறவர்தானே. மேல்மாடிக்கென்று நீட்டி விட்ட ஆறு தூண், தூணுக்கு நான்கு கம்பி, துரு பிடிக்காமல் சீமெந்துப் பால் பூசி, நுனிக்கு நுனி பழைய சோடாப் போத்தலைக் கவிழ்த்து வைப்பார், வெடித்த போத்தலை மாற்றுவார். நீ கட்டாருக்குப் போன வருஷத்திலிருந்து ஒரு வருஷமும் விட்டதில்லை. இந்த முறையும் பூசினார், முழங்கால் வலியோடு, நான்தான் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்போது அவருக்குத் தெரியும். கடிதம் வந்து ஒரு மாசம் ஆகிவிட்டது. கட்டப்படாது என்று தெரிந்த கம்பிகளுக்கு அந்த மனிதன் இருபத்து நான்கு போத்தல் கவிழ்த்து வைத்திருக்கிறார். எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது, அவர் மேல் பாதி, இந்தக் கம்பியைக் கண்டுபிடித்த ஊர் மேல் பாதி. அவர் கடையிலிருந்து வந்ததும் கடிதத்தை மேசையில் வைத்தேன். நான் வாசிப்பேன் என்று அவர் நினைக்கவே இல்லை, முகம் அப்படிப் போனது. "அவன் அங்க நிக்கிறதே அந்த மாடிக்காகத்தான். அது இல்லண்டு சொன்னா அவன் என்னத்துக்கு நிப்பான்?" என்றார். அதைத்தான் நானும் கேட்கிறேன் என்றேன். வாப்பாவைக் கெட்டவர் என்று நினைக்காதே. நீ அனுப்பியதில் ஒரு சதம் அவர் தொடவில்லை, கல்லும் கம்பியும் வாங்க வேண்டும் என்று உன் பெயரில் வைத்தது வைத்தபடி இருக்கிறது. உன்னை ஏமாற்ற அவர் நினைக்கவில்லை. திட்டம் இல்லாமல் உன்னோடு என்ன பேசுவது என்று அவருக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

மே முதல் ஞாயிற்றுக்கிழமை நான் ஹுதைபாவைக் கூப்பிட்டுக் கம்பிகளை வெட்டிவிட்டேன். தெரியும்தானே, மேல் ரோட்டில் இரும்புக் கேற் செய்கிறவன். கம்பி வெட்டுகிற கிரைண்டரோடு வந்து சிலேப்பில் ஏறி நின்று, "ஹபீல் நானாட்ட கேட்டீங்களா ராத்தா?" என்று வாப்பாவைச் சொல்லி மூன்று தரம் கேட்டான். கேட்டேன், பதில் வரவில்லை, நீ வெட்டு என்றேன். முதல் கம்பிக்கு வாப்பா உள்ளே இருந்தார், இரண்டாம் தூணுக்கு வந்தபோது லுஹர் தொழுகைக்கு நேரம் இருக்கவே பள்ளிக்குப் போய்விட்டார், அஸர் முடிந்துதான் வந்தார். அதுவரைக்கும் பக்கத்து வீட்டு ஜன்னல்கள் ஒன்றும் மூடவில்லை. பிறகு அந்த இடத்தை மட்டமாகப் பூசி, தண்ணீர் இறங்காமல் தார் அடித்துவிட்டோம். இப்போது சிலேப் வெறும் சிலேப். நான் மிளகாய் காய வைக்கிறேன், பின்னேரத்தில் பஸ்னா மேலே போய்ப் படிக்கிறாள், ஹந்தானை மலைப் பக்கம் தெளிவாகத் தெரிகிறது, முன்னர் போத்தல்களுக்கு இடையால்தான் தெரியும்.

அடுத்த நாள் காலையிலேயே ஷிபானா மாமி வந்துவிட்டா. வாப்பாவின் தங்கச்சி என்பதால் செருப்பைக் கழற்ற முதலே பேசத் தொடங்க அவவுக்கு உரிமை இருக்கிறது. "பொம்புளப் புள்ளய வெச்சிக்கிட்டுக் கம்பிய வெட்டினவள இப்பதான் பாக்கிறன்." நமது ஊரில் கம்பி என்றால் என்ன என்று உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. சிலேப்பில் கம்பி நின்றால் அந்த வீட்டில் கட்டிக்கொடுக்க ஒரு பெண்ணும் வெளிநாட்டில் அவள் கூடப்பிறந்த ஒரு நானாவும் இருக்கிறார்கள் என்று அர்த்தம். தரகர் ரோட்டில் நின்று கம்பியை எண்ணிவிட்டுத்தான் கதவைத் தட்டுவார். வெள்ளிக்கிழமை மவ்லவி கைக்கூலி ஹராம், சீதனம் ஹராம் என்று மைக்கில் கத்துகிறார், கீழே முன்வரிசையில் உட்கார்ந்து தலையாட்டுகிறவர்கள் வெளியே வந்து செருப்புப் போடும்போதே மாடியில் எத்தனை அறை வரும் என்று கேட்கிறார்கள். யாரும் கேட்டு வாங்குவது இல்லையாம். அஹ்னாபின் வீட்டாரும் கேட்கவில்லை. கண்டியில் போன் கடை வைத்திருக்கிற பையன், பெப்ரவரியில் பஸ்னாவைப் பார்த்துவிட்டுப் போனார்களே, அவன் உம்மா சொன்னது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது, எங்களுக்கு ஒண்டும் வேணாம் ராத்தா, புள்ளைகளுக்கு இருக்க ஓர் எடம் மட்டும். சொல்லிவிட்டு மேலே பார்த்தா. கம்பி வெட்டி ஒன்பதாம் நாள் கோல் வந்தது, பையனுக்கு இந்த வருஷம் யோசனை இல்லையாம்.

இதை மறைக்கக் கூடாது, பஸ்னாவுக்கு அவனைப் பிடித்திருந்தது. மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை, முன்பள்ளிக்குப் படிப்பிக்கப் போய் வந்து கதவைச் சாத்திக்கொண்டாள். என்னைக் கேட்காமல் என் வாழ்க்கையை நீங்களும் வெட்டிட்டீங்கதானே உம்மா என்று ஒரு தரம் கேட்டாள், அவள் சொன்னது சரி. அவளிடம் முதலில் பேசியிருக்க வேண்டும். மன்னிப்புக் கேட்டேன். நான்காம் நாள் தானாக வந்து தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு, "மாடிக்கு வந்தவன் படியில்லண்டதும் பெய்த்துட்டான், அவனுக்குக் கால்தான் சொகமில்ல போல" என்றாள். வாப்பாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. இப்போது ஆசிரியர் கலாசாலைக்கு விண்ணப்பம் நிரப்புகிறாள், கிடைக்குமோ தெரியாது, கிடைக்காவிட்டால் வேறொன்று பார்ப்பாளாம். உனக்கு ஒரு செய்தி சொல்லச் சொன்னாள், அவள் சொன்னபடியே எழுதுகிறேன். "எனக்கு வீடு கட்டித்தாரண்டு செல்லி நானா வராம ஈக்கத் தேவல்ல. அத என்ட தலையில போட வேணாம்."

நஸீப், நீ இருபத்தொரு வயதில் போட்ட திட்டத்தை இருபத்தெட்டு வயதிலும் மடிப்புக் கலையாமல் வைத்திருக்கிறாய். மூன்று வருஷத்தில் மாடி, பிறகு பஸ்னா, பிறகு ஊர். இடையில் கொரோனா வந்தது, சமையல் காஸுக்கு வரிசையில் நின்றோம், சீமெந்து எட்டாத விலைக்குப் போனது, மழை வந்து மலையே இறங்கியது, உன் தங்கச்சி வளர்ந்து ஆளாகிவிட்டாள். ஒவ்வொரு தரமும் நீ செய்தது ஒன்றுதான், இன்னும் இரண்டு வருஷம் என்று கையெழுத்துப் போட்டாய். இதைத் தியாகம் என்று ஊர் சொல்கிறது, ஷிபானா மாமி உன் பெயரைச் சொன்னால் கண்ணைத் துடைக்கிறா. நான் அப்படிச் சொல்ல மாட்டேன். பதினெட்டு வருஷம் இடியப்பம் அவித்தவளுக்கு அது என்ன என்று தெரியும். அதே நேரம் எழும்பி, அதே வேலை செய்து, அதே களைப்போடு படுத்தால் வேறொன்றும் யோசிக்கத் தேவையில்லை, அது ஒரு சுகம். வீட்டுக்காகத்தான் என்று சொல்லிக்கொண்டால் யாரும் கேள்வி கேட்கவும் மாட்டார்கள். நீ எங்களுக்காக அங்கே நிற்கிறாய் என்று ஐந்து வருஷம் நம்பினேன். இப்போது உனக்கு இங்கே வரப் பயம், அங்கே மேசைக்குப் போகவும் பயம் என்று நினைக்கிறேன். பயப்பட்டால் பயம் என்று சொல். எங்கள் மேல் போடாதே.

உன்னை மட்டும் குற்றம் சொல்லவில்லை. உன்னைப் பெற்றபோது எனக்குப் பதினேழு, என்னிடம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை, ஒரு நாள் என் கையிலிருந்து பள்ளிக்கூடப் பையை வாங்கி மேலே வைத்துக் கட்டிக்கொடுத்தார்கள், அதோடு சரி. எனக்கு நடந்ததை அப்படியே உனக்கும் செய்தேன். உனக்குப் பயணப் பை வாங்கினோம். என்ன விருப்பம் என்று வாப்பாவும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை, ஏஜென்ட் மட்டும் பாஸ்போர்ட் இருக்கிறதா என்று கேட்டான். இந்த ஊரில் ஆம்பிளைப் பிள்ளையை வளர்ப்பது அப்படித்தான், மாடிக்கு ஒருவன், சீதனத்துக்கு ஒருவன்.

ரிஸ்மியிடம் எல்லாம் விசாரித்துவிட்டேன். அடுத்த இரண்டு வருஷத்துக்கு உன் கையெழுத்து இந்த மாசம் முப்பதாம் தேதிக்குள். ஸ்டோர் ஒபிசுக்கு ஆகஸ்டில் மறுபடி ஆள் பழக்குகிறார்கள், கையெழுத்துப் போட முதல் கேட்டால் சேர்ப்பார்களாம், போட்ட பிறகு கேட்டால் பழைய வேலைதானாம். ஆக உன் முன்னால் மூன்று இருக்கிறது. அந்த மேசைக்குப் போ, அல்லது ஊருக்கு வா, அல்லது அதே கதவடியில் நில். மூன்றில் எதை எடுத்தாலும் நான் சண்டைக்கு வர மாட்டேன். ஏழெட்டு வருஷத்துக்குத் திட்டம் போடாதே. மூன்று மாசத்துக்குப் போடு, பென்சிலால் போடு, பிழைத்தால் அழித்துவிட்டு அடுத்த மூன்று மாசத்துக்கு வேறு மாதிரிப் போடு. எனக்கு அப்படித்தான் வாசிக்க வந்தது. அடுத்த லீவு நாளில் ஓவர்டைம் போகாதே. ஏதோ ஒரு பஸ்ஸில் ஏறிக் கடைசி வரைக்கும் போய் இறங்கு, அங்கே ஒன்றும் இல்லாவிட்டால் திரும்பி வா. நான் போன மாசம் கலஹா பஸ்ஸில் அப்படிப் போனேன். தேயிலையும் மழையும்தான், ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு வந்தேன். காரியம் ஒன்றும் இல்லை. ஆனால் நாற்பத்தைந்து வருஷத்தில் யாருக்கும் சாமான் வாங்காமல், யாரையும் நோய் பார்க்காமல் நான் பஸ் ஏறியது அது ஒன்றுதான்.

ரிஸ்மியின் பையில் மாசிக் கருவாட்டுத் தூள் ஒரு போத்தல், வறுத்த மா, உனக்கு உடுக்க இரண்டு சாரம் வைத்திருக்கிறேன், அறையில் இருக்கிற மற்றப் பிள்ளைகளுக்கும் கொடு. பல் வலிக்கு மாத்திரை போட்டுக்கொண்டே இருக்கிறாயாம், டாக்டரிடம் காட்டு, அதைத் தள்ளிப்போடாதே. வாப்பாவுக்கு நீயே கோல் எடு, கம்பியைப் பற்றி அவர் பேச மாட்டார், நீ பேசு, கோபிக்காமல் பேசு. அல்லாஹ் உனக்கு ரஹ்மத் செய்யட்டும், நோய்நொடி இல்லாமல், யாருக்கும் பயப்படாமல், நல்ல தூக்கம் தூங்குகிற வாழ்க்கையைத் தரட்டும்.

இப்படிக்கு,
உன் உம்மா
சித்தி றலியா

பி.கு. இதை மடித்துக்கொண்டிருக்கும்போதே நீ கோல் எடுத்தாய். சாப்பிட்டீங்களா என்றாய், மழையா என்றாய். கடிதத்தில் இருப்பதை நான் சொல்லவில்லை, ஒரே ஒன்றுதான் கேட்டேன். வீட்டில் ஒருவருக்கும் உன்னால் ஒன்றும் ஆக வேண்டியதில்லை என்று ஒரு நாள் வந்தால், அன்று காலையில் எழும்பி நீ என்ன செய்வாய் மகன் என்று. உன் பக்கத்தில் யாரோ கதவைத் திறந்து மூடுவது கேட்டது. பிறகு சிக்னல் இல்ல உம்மா என்று வைத்துவிட்டாய். உன் குரல் பக்கத்து அறையிலிருந்து வருகிற மாதிரித் தெளிவாகக் கேட்டது. அதனால் எழுத்திலும் கேட்கிறேன். முப்பதாம் தேதிக்கு முதல் எனக்குப் பதில் வேண்டும், அதில் என் பெயரோ வாப்பாவின் பெயரோ பஸ்னாவின் பெயரோ இருக்கக் கூடாது. உனக்கு என்ன வேண்டும்?